நிற்காமல் போன ஜீப்பு

அத்தியாயம் பதினேழு

அமுதவள்ளிக்குக் கழுத்து திரும்பவில்லை. வலது தோள்பட்டைக்குள் யாரோ கட்டைவிரலை ஊன்றி அழுத்திக்கொண்டே இருப்பது போல ஒரு வலி, முழங்கை வரைக்கும் இறங்கி நின்றது. பாயில் படுத்தபடியே கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தாள். பாதி தூரத்தில் விண்ணென்று தெறித்தது.

இந்த வலியை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து மவுசைத் தள்ளித் தள்ளி வந்த வலி. இந்த வீட்டில் வலி என்றால் அது அம்மா சந்திரவல்லியின் இடுப்பு வலிதான். ஏலச்செடி ஆளுக்கு மேலே வளர்ந்து நிற்கும், காயோ தூரில் மண்ணை ஒட்டிக் காய்க்கும். நாளெல்லாம் குத்தவைத்து நகர்ந்து நகர்ந்து காய் எடுத்த இடுப்பு அது. அதன் முன்னால் மவுசு வலியைச் சொன்னால் தம்பி பாண்டியராஜ் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

வெளிக்கதவு கிறீச்சிட்டது. இந்நேரத்துக்கு யார் என்று எட்டிப் பார்த்தாள்.

இருட்டோடு வேலைக்குப் போன அம்மா, கிழக்கு வெளுக்கும்போது திரும்பி வந்து நின்றாள். தலையில் கட்டிய துண்டு கட்டியபடி இருந்தது. கையில் தூக்குச்சட்டி, சோற்றுக் கனம் குறையாமல்.

"என்னம்மா, மலையில லீவா?"

"ஜீப்பு நிக்கல."

சந்திரவல்லி தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றவில்லை.

போடியிலிருந்து மலைக்கு வேலைக்குப் போகிற ஜீப்பில் 'இடம் இல்லை' என்ற பேச்சே கிடையாது. சோதனைச்சாவடிப் போலீஸ்காரர் எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிடுகிற அளவுக்கு ஆள் இருக்கும், அதற்கு மேலும் ஒருத்தி ஏறுவாள். ஒவ்வொரு ஜீப்பும் ஒரு சனம். யார் எந்த முக்கில் ஏறுவாள், யார் தோளில் யார் தலை சாய்த்துத் தூங்குவாள் என்பதெல்லாம் வருஷக்கணக்காக ஊறிப்போன ஏற்பாடு. அப்படி ஒரு ஜீப்பு ஒருத்தியைப் பார்த்தும் நிற்காமல் போனால், அவள் இனிமேல் அந்தச் சனத்தில் இல்லை என்று அர்த்தம். வாயால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

"டிரைவரு ஜக்கையன் கவனிக்காமப் போயிருப்பான்."

"கவனிச்சான். வேகத்தக் கொறைச்சான். உள்ள இருந்து ஒருத்தி 'நிறுத்தாத'ன்னா. போயிட்டான்."

"யாரு சொன்னது?"

"யாருன்னு தெரியும். சொல்ல மாட்டேன்." சந்திரவல்லி இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "ராமுத்தா மதினி எடம் காலியாக் கெடந்துச்சு. அப்படியும் நிக்கல."

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு இது எங்கே தொடங்கியது என்று தெரியும். இன்றைக்குத்தான் இந்த வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று செய்கிற கம்ப்யூட்டர் விளையாட்டில் அமுதவள்ளிக்கு வேலை. போடியில் வீட்டில் இருந்தே செய்கிறாள். ஆட்டக்காரன் ஒரு மலைநாட்டுக்குள் வேற்றாளாக நுழைவான். அங்கே தோட்டக்காரர்கள் ஒரு கட்சி. காய் எடுக்கிறவர்கள் ஒரு கட்சி. வண்டிக்காரர்கள், சாவடிக்காரர்கள் என்று வேறு வேறு கட்சிகள். அவன் எதைச் செய்தாலும் ஓரிடத்தில் அவனுக்கு நல்ல பேர் ஏறும், ஓரிடத்தில் இறங்கும். எங்கே எவ்வளவு ஏறும், யாருக்கு முதலில் தெரியும், யார் வாய் வழியாகப் பரவும் என்பதையெல்லாம் வகுத்துக் கொடுப்பதுதான் அவள் சோலி.

அவள் சேர்வதற்கு முன்னால் அந்த விளையாட்டில் ஒருவன் மலை உச்சியில் திருடினால் அடுத்த நொடியே அடிவாரத்துக் கடைக்காரன் முறைப்பான். "அவனுக்கு எப்படித் தெரியும்? பாத்தவன் வண்டி ஏறிக் கீழ எறங்கி வர வேண்டாமா?" என்று கேட்டவள் அவள்தான். பேர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று திரையில் எண்ணாகக் காட்டக் கூடாது என்றவளும் அவள்தான். நிற்கிற வண்டி நிற்காமல் போகட்டும், பேசுகிற வாய் மூடட்டும், ஒருவன் செய்ததற்கு அவன் வீட்டாள் அத்தனை பேரையும் ஒதுக்கட்டும், அதை வைத்து ஆட்டக்காரன் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதினாள். கம்பெனியில் கைதட்டினார்கள்.

விளையாட்டில் காய் எடுக்கிறவர்கள் ஆட்டக்காரனைப் பற்றிச் செடிகளுக்குள் இருந்து பேசிக்கொள்வார்கள். அதற்கு நிஜக் குரல் வேண்டும் என்று ஒரு நாள் அம்மாவோடு மலையேறி, மத்தியானச் சோற்று நேரத்தில் பெண்கள் பேசியதைப் போனில் பதிந்தாள். பேரை மாற்றிவிடுவேன், முகம் வராது என்று சொல்லிச் சம்மதம் வாங்கித்தான் பதிந்தாள். எல்லாரையும் விட ராமுத்தாய் பேசியதுதான் எடுப்பு. போன வாரம் பாண்டியராஜ், அக்காள் செய்த விளையாட்டு என்ற பெருமையில், அரைகுறையாக இருந்ததைத் தன் போனில் ஏற்றி ஜீப்பு ஸ்டாண்டில் காட்டினான். டிரைவர் ஒருவன் அதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் விட்டுவிட்டான்.

அவள் விளையாட்டில் செய்தி ஜீப்பின் வேகத்தில்தான் போகும். வாட்ஸப்பை அவள் கணக்கில் எடுக்கவில்லை.

பாண்டியராஜ் வாயில் பிரஷ்ஷோடு கொல்லைப் பக்கம் இருந்து வந்தான். அம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"ராமுத்தா அத்தைய நேத்து ராத்திரியே போன்ல கங்காணி ராக்கையா மாமா வேலையவிட்டு நிறுத்திட்டாராம்," என்றான். சொல்லும்போது பக்கெட்டைப் பார்த்தான். "வீடியோ ராக்கையா மாமா போனுக்குப் போயிருச்சு. மலையாளத்து மேனேஜர் சேட்டன் வரைக்கும் போயிருச்சாம்."

"நேத்தே தெரியுமாடா ஒனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் காலைல நான் சோறு கட்டும்போது பேசாமப் படுத்திருந்தியா?"

பாண்டியராஜ் வாய் கொப்பளிக்கப் போய்விட்டான். அவன் வேறொரு தோட்டத்துக்கு உரமூட்டை ஏற்றுகிற லோடு ஜீப்பு ஓட்டுகிறான். அவனை யாரும் நிறுத்தவில்லை.

"பேர மாத்திட்டேன்மா," என்றாள் அமுதவள்ளி. "ராமுத்தான்னு எங்கயுமே வராது. ஆளையே காட்டல. வெறும் செடிதான் தெரியும், உள்ள இருந்து பேச்சு வரும். எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

சந்திரவல்லி மகளை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் கூட இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"ஏலக்காட்டுக்குள்ள என்னைக்குடி மூஞ்சியப் பாத்தோம்?"

செடிக்குள் குனிந்துவிட்டால் பக்கத்து வரிசையில் இருக்கிற ஆள் தெரியாது. குரல்தான் ஆள். சாயங்காலம் ஜீப்பு கிளம்பும் முன் கங்காணி ஒற்றையடிப்பாதையில் நின்று ஒரு சத்தம் கொடுப்பார். உள்ளே இருந்து ஒவ்வொருத்தியாகக் குரல் கொடுப்பார்கள். ஒரு குரல் குறைந்தால் தேடுவார்கள். பள்ளிக்கூட லீவில் அம்மாவோடு போய், தானும் குரல் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறியவள்தான் இவள். அப்படி வளர்ந்தவள், பேரை மாற்றினாள், முகத்தை மறைத்தாள், குரலை அப்படியே விட்டுவிட்டாள்.

"நீ எதுக்கும்மா இதுக்குப் போய் இப்படி உக்காந்திருக்க? என் சம்பளம் வருதுல்ல."

"ஒஞ் சம்பளத்துல சோறு கெடைக்கும். ஜீப்புல எடம் கெடைக்குமா?" சந்திரவல்லி எழுந்தாள். "மத்தியானம் சிலமலைக்குப் போறோம். மதினியப் பாக்கணும். அதுக்குள்ள ஒஞ் சோலிய முடி."

* * *

கம்பெனியில் அவளுக்கு மேலே இருப்பவள் அனுசியா. காலையிலேயே கூப்பிட்டாள்.

"அமுதா, சோதிச்சுப் பாத்தவங்க எல்லாரும் ஒரே புகார். ஒரு தடவ தப்புப் பண்ணினா, காய் எடுக்கறவங்க ஆட்டம் முடியற வரைக்கும் பேச மாட்டேங்கறாங்க. திரும்பி வர வழியே இல்லைங்கறாங்க. பாதியில போட்டுட்டுப் போயிடறாங்க."

"நிஜத்துல அப்படித்தாங்க நடக்குது."

"நிஜத்துல இந்த ஆட்டம் வேண்டாம்னு அழிச்சிட்டு வேற ஆட்டம் போட முடியாதுங்க. இங்க முடியும்." அனுசியா சிரித்தாள். "சாயங்காலம் பணம் போடறவங்க பாக்கறாங்க. அதுக்குள்ள ஒரு வழி எழுதிக் கொடுங்க. ஏதாவது பொருள் கொடுத்தா பேர் ஏறட்டும். ஏதாவது வேல செஞ்சு கொடுத்தா இன்னும் ஏறட்டும். சிம்பிளா இருக்கட்டும்."

"சரிங்க. இன்னொண்ணு. ஒரு குரலை எடுக்கணும்."

"எந்தக் குரல்?"

"அந்த மருந்துப் பேச்சு."

அந்தப் பேச்சு கம்பெனியில் எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரியும். 'மருந்தடிச்ச ஈரம் காயல, உள்ள எறங்குங்கிறான். அந்தப் புள்ள நொரை தள்ளி விழுந்துச்சு. காலைல சாப்பிடாம வந்தாளாம், அதான் மயக்கமாம். எம்பக்கத்துல உக்காந்து இட்லி தின்னுட்டு வந்தவடி அவ. எனக்குத் தெரியாதா?' விழுந்தவளின் பேர் வந்த இடத்தை மட்டும் அமுதவள்ளி வெட்டியிருந்தாள்.

"அதுதான அமுதா நம்ம விளையாட்டே," என்றாள் அனுசியா.

"பேசினவங்களுக்கு வேலை போச்சுங்க."

"அய்யய்யோ. சம்மதம் வாங்கித்தான பதிஞ்சீங்க?"

"வாங்கினேன். ஆள் தெரியாதுன்னு சொல்லி வாங்கினேன்."

"எடுத்துருங்க," என்றாள் அனுசியா. நல்ல மனுஷிதான். "எடுத்துட்டு, வேற யாரையாவது பேச வச்சுக்கலாம். ஆனா அந்த வழி எனக்குச் சாயங்காலம் வேணும்."

ஒரு விசையைத் தட்டினாள், குரல் போய்விட்டது. இவ்வளவு சுலபமாகப் போனதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

பிறகு உட்கார்ந்து எழுதினாள். ஆட்டக்காரன் வீட்டு வாசலில் பொருள் கொண்டுபோய் வைத்தால் பேர் கொஞ்சம் ஏறும். தோள் தெறித்தது. எழுதியதை அழிக்காமல் அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

* * *

போடி பஸ் ஸ்டாண்டில் சிலமலைக்கு ஏறும் முன் ஸ்வீட் கடையில் கால் கிலோ அல்வா வாங்கினாள்.

"அது எதுக்கு?" என்றாள் சந்திரவல்லி.

"சும்மா கைய வீசிக்கிட்டா போறது?"

"கைய வீசிக்கிட்டுத்தான் போகணும். சாமானோட போனா வெலை பேச வந்திருக்கோம்னு நெனைக்கும்."

பஸ் வந்துவிட்டது. பை கையிலேயே இருந்தது.

ராமுத்தாய் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் விளக்கி முடித்துக் கவிழ்த்த பாத்திரங்கள் பளபளவென்று அடுக்கியிருந்தன. அவற்றை எடுத்தே மறுபடி விளக்கிக்கொண்டிருந்தாள். வேலைநாளில் வீட்டில் கிடந்து பழக்கமில்லாத ஆள். ஐம்பது தாண்டியும் ஜீப்பில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்வது அவள்தான். அவள் சொன்னால் ஜக்கையன் கூட வண்டியை ஓரங்கட்டுவான்.

வா என்று சொல்லவில்லை. சாம்பலை அள்ளி இன்னொரு குண்டானில் போட்டாள்.

"மதினி," என்றாள் சந்திரவல்லி.

"மதினியாக்கும்."

"தெரியாமச் செஞ்சுட்டா."

"படிச்ச புள்ளைக்குத் தெரியாது. படிக்காத ராமுத்தாவுக்குத் தெரிஞ்சிருக்கணும், வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும். சரி. அது என்ன பை?"

"அல்வா அத்தை," என்றாள் அமுதவள்ளி.

ராமுத்தாய் பாத்திரம் விளக்குவதை நிறுத்தினாள். "சந்திரா, ஒம் மக எனக்கு அல்வா குடுக்க வந்திருக்கா. ஒரு தடவ குடுத்தது பத்தலயாம்." பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள். சந்தில் யாரோ சிரித்தார்கள். அமுதவள்ளி பையைப் பின்னால் மறைத்தாள்.

"அந்தப் பேச்சை எடுத்துட்டேன் அத்தை."

"எங்கேருந்து எடுத்த?"

"விளையாட்டுலேருந்து."

"ராக்கையா போன்லேருந்து எடுத்தியா? மேனேஜரு போன்லேருந்து? எம் மருமக போன்ல இருக்கு, அவ தங்கச்சி தேவாரத்துல இருக்கா, அவ போன்ல இருக்கு. எல்லாத்துலயும் எடுத்துட்டியா?"

அமுதவள்ளி முதுகுக்குப் பின்னால் பையைக் கை மாற்றிக்கொண்டாள்.

"நாங்க நாலு பேரு சோத்தப் பிசைஞ்சுக்கிட்டுப் பேசுறோம். அது சோத்தோட போயிரும். நீ அத எடுத்துக் கங்காணி காதுல ஊத்திட்ட. நெசந்தான் பேசுனேன், இல்லேங்கல. நெசம் எனக்குச் சோறு போடுமாடி?"

"நான் வந்து ராக்கையா மாமாகிட்டப் பேசட்டுமா அத்தை? மன்னிப்புக் கேக்குறேன்."

"மன்னிப்பக் கேட்டு அவரு என்ன செய்வாரு, அரைச்சுக் குடிப்பாரா?" ராமுத்தாய் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தது குரலில் தெரிந்தது. "ஒரு வழி இருக்கு. அது நீ எழுதுனதுன்னு சொல்லணும். கதைக்காக நீ சொல்லிக் குடுத்த, நான் கிளிப்புள்ள மாதிரிச் சொன்னேன். சினிமாவுல சொல்றாங்கள்ல, அது மாதிரி. அவ்வளவுதான்."

சந்திரவல்லி இதுவரை நின்றுகொண்டே இருந்தாள். இப்போது தரையைப் பார்த்தாள்.

"அப்ப ஜோதி?" என்றாள் அமுதவள்ளி.

ஜோதிதான் அந்தப் பேச்சில் நுரை தள்ளி விழுந்தவள். இதே ஜீப்பில் போனவள், கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். கை நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. தம்ளரைப் பிடித்தால் பாதித் தண்ணீர் மடியில். ஜீப்பு ஓட்டுகிற புருசன் பிரதீப் தோட்டத்தில் போய் வைத்தியச் செலவு கேட்டதற்கு, சாப்பிடாமல் வந்து விழுந்தவளுக்கு நாங்கள் என்ன செய்ய என்று அனுப்பிவிட்டார்கள். அவள் சாப்பிட்டுத்தான் வந்தாள், மருந்தில்தான் விழுந்தாள் என்று வாய் திறந்து சொன்ன ஒரே ஆள் ராமுத்தாய். அதுவும் கங்காணி இல்லாத இடத்தில், சோற்று நேரத்தில்.

அதையும் கதை என்று சொல்லிவிட்டால், ஜோதி விழுந்ததும் கதைதான்.

"ஜோதிக்கு நான் என்ன செய்ய?" என்றாள் ராமுத்தாய். முதல் தடவையாகக் குரல் இறங்கியது. "அவளப் பத்திப் பேசித்தான் நான் இப்படி வெளக்குன குண்டான வெளக்கிக்கிட்டுக் கெடக்கேன். என் வேல திரும்ப வந்தா ஒங்க ஆத்தா ஜீப்புல ஏறுவா. வரலேன்னா அவளும் ஏற மாட்டா. அந்த வண்டியில நான் இல்லாம அவள ஏத்த மாட்டாளுக. ஒங்க ஆத்தாவக் கேளு."

அமுதவள்ளி அம்மாவைப் பார்த்தாள். சந்திரவல்லி பார்வையைத் தூக்கவில்லை. ஒரு கோழி வந்து சாம்பலைக் கிளறியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராமுத்தாய் இடுப்பிலிருந்து போனை எடுத்து மருமகளிடம் கொடுத்து, "ராக்கையாவுக்குப் போடு. சத்தமா வையி," என்றாள். இவ்வளவு சீக்கிரம் வந்துவிடும் என்று அமுதவள்ளி நினைக்கவில்லை. மணி அடிக்கிறது. யோசிக்க இடமே இல்லை.

"ஆரு?"

"மாமா, நான் அமுதவள்ளி. சந்திரவல்லி மக."

"ஓ, நீதானா." பின்னால் ஜீப்பு உறுமுகிற சத்தம். "என்ன தாயி, இங்க பெரிய பிரஸ்னமாக்கி விட்டுட்ட. சேட்டன் என்னை நிக்க வச்சுக் கேக்குறாரு."

"அது வந்து மாமா, அது ராமுத்தா அத்தை சொந்தமாப் பேசுனதில்ல. விளையாட்டுக்காக நான் எழுதுனது. நான் சொல்லிக் குடுத்துத்தான் அத்தை சொன்னாங்க."

"நீ எழுதுனதா?"

"ஆமா மாமா."

"மருந்தடிச்சது, நொரை தள்ளுனது, இட்லி தின்னது, எல்லாமா?"

ராமுத்தாய் அசையாமல் நின்றாள். அம்மாவின் கால் பெருவிரல் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தது.

"எல்லாந்தான் மாமா. கதைதான்."

"அப்ப சரி. அப்படின்னா அந்தம்மா மேல குத்தமில்ல. நாளைக்கு வரச் சொல்லு." ராக்கையாவின் குரலில் நிம்மதி அப்பட்டமாகத் தெரிந்தது. அவருக்கும் ஆள் குறைந்தால் கஷ்டம்தான். "ஒண்ணு செய்யி தாயி. இப்பச் சொன்னத அப்படியே வாய்ஸ்ல அனுப்பி விடு. ஒம் பேரச் சொல்லி அனுப்பு. சேட்டனுக்குப் போட்டுக் காட்டணும்."

அங்கேயே நின்று அனுப்பினாள். முதல் தடவை பேரைச் சொல்ல மறந்தாள், ராமுத்தாயின் மருமகள் இன்னொரு தடவை பேசச் சொன்னாள். இரண்டாம் தடவை தெளிவாக வந்தது.

ராமுத்தாய் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "குடி. வெயில்ல நிக்குறீங்க, உக்காருங்க." சந்திரவல்லியின் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு வெரசா வந்து நில்லு சந்திரா. ஜக்கையன் நிப்பாட்டுவான். எவளாவது வாயத் தொறந்தா நான் பாத்துக்கிறேன்."

கிளம்பும்போது, "அந்த அல்வாவ வச்சுட்டுப் போ, புள்ளைக திங்கும்," என்றாள்.

திரும்பி வரும் பஸ்சில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முக்கால் தூரம் வந்ததும் சந்திரவல்லி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நான் தெரியாமச் சும்மா நின்னேன்னு நெனைக்காத. வேணும்னுதான் சொல்லல. பொய் வேணாம்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ கேட்டிருப்ப. கேட்டிருந்தா நாளைக்கும் ஜீப்பு நிக்காது."

அமுதவள்ளி தோளைத் தேய்த்துக்கொண்டாள். அம்மா பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவள் மகள்தான். அம்மாவுக்குப் பேர் திரும்பி வந்துவிட்டது.

* * *

சாயங்காலக் கூட்டத்துக்கு முன்னால் கம்ப்யூட்டரைத் திறந்து, காலையில் எழுதிய வரியை அழித்தாள். அந்த இடத்தில் வேறு எழுதினாள். எழுத அதிக நேரம் ஆகவில்லை.

அனுசியா அதைச் சத்தமாக வாசித்தாள். "எந்தக் கட்சியிடம் இழந்த பேரையும் ஆட்டக்காரன் திரும்பப் பெறலாம். ஆனால் சும்மா கிடைக்காது. வேறொரு ஆளிடமிருந்து அதே அளவு எடுத்துத்தான் கொடுக்க முடியும்." நிறுத்தினாள். "யார்கிட்டேருந்து எடுக்கறோம்னு ஆட்டக்காரனுக்குத் தெரியுமா?"

"தெரியும். பேரு தெரியும். முன்னாடியே ஒரு தடவையாவது அவங்களோட பேசியிருப்பான்."

"எடுக்கறது அவங்களுக்குத் தெரியுமா?"

"உடனே தெரியாது. யாராவது போய்ச் சொல்ற வரைக்கும் தெரியாது. அதுவரைக்கும் பழைய மாதிரியே சிரிச்சுப் பேசுவாங்க."

"கொடுமையா இருக்கே. இதை யாராவது செய்வாங்களா அமுதா?"

"செய்வாங்க."

கூட்டத்தில் இன்னொருவன், "அப்படின்னா எல்லார்கிட்டயும் நல்ல பேர் வாங்கவே முடியாதே," என்றான்.

"முடியாது," என்றாள் அமுதவள்ளி.

பணம் போடுகிறவர்களுக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடித்திருந்தது என்று பிறகு அனுசியா தகவல் அனுப்பினாள். பக்கத்தில் ஒரு கைதட்டுகிற படம் போட்டிருந்தாள்.

அடுப்படியில் சந்திரவல்லி காலையில் கட்டிய சோற்றைச் சட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டிருந்தாள். பாண்டியராஜ் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்தான்.

"சரியாப் போச்சாமே," என்றான். "ஸ்டாண்டுல பேசிக்கிட்டாங்க. அக்கா எழுதுன கதையாம்ல."

"யாரு பேசிக்கிட்டாங்க?"

"எல்லாரும். பிரதீப் மட்டும் இல்ல. அவன் இன்னைக்கு வண்டி எடுக்கல, ஜோதியக் கூட்டிக்கிட்டுத் தேனிக்குப் போயிட்டான்." கொஞ்சம் தயங்கினான். "அவனுக்கு இன்னும் தெரியாதுன்னு நெனைக்கிறேன்."

அவன் சொல்லி முடிக்கும்போதே போன் அதிர்ந்தது. ஜோதி.

எடுக்காமல் விடலாம். விட்டால் மறுபடி அடிப்பாள். அமுதவள்ளி எழுந்து கொல்லைப் பக்கம் போனாள்.

"அக்கா, சாப்டீங்களா?"

"இன்னும் இல்ல. சொல்லு ஜோதி."

"இன்னைக்கு வக்கீலப் பாத்துட்டு வந்தோம்க்கா. நல்ல மனுசரு. நின்னு கேட்டாரு. ஆனா சாட்சிக்கு ஆளு வேணுங்கிறாரு. கூட வேல பாத்தவங்க ஒருத்தரும் வர மாட்டேங்குறாங்க. அவுகளச் சொல்லியும் குத்தமில்ல, நாளைக்கு அவுகளுக்கு வேல வேணும்ல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஒங்க விளையாட்டுல ராமுத்தா அத்தை பேசுறத எங்க வீட்டுக்காரரு காட்டுனாரு. அழுகையே வந்துருச்சுக்கா. எனக்காக ஒருத்தராச்சும் வாயத் தொறந்தாங்களேன்னு."

அமுதவள்ளி துணி துவைக்கிற கல்லின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

"அதோட முழுசும் ஒங்ககிட்ட இருக்கும்லக்கா. என் பேரோட. அத எங்க வீட்டுக்காரருக்கு அனுப்பி விடுங்க. நீங்கதான் பதிஞ்சீங்க, நேருல இருந்து கேட்டீங்க. தோட்டத்துக்கும் ஒங்களுக்கும் ஒரு ஒட்டுமில்ல, ஒங்கள அவங்க ஒண்ணும் செய்ய முடியாது. நீங்க வந்து ஆமான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்னு வக்கீலு சொல்றாரு."

"பாக்குறேன் ஜோதி."

"அவசரமில்லக்கா. திங்கக்கெழமைக்குள்ள சொன்னாப் போதும். போன் நழுவுது, கை நிக்க மாட்டேங்குது. வச்சிறட்டா?"

"வையி."

அடுப்படியில் இருந்து சந்திரவல்லி கேட்டாள். "யாருடி?"

"கம்பெனியில."

பாண்டியராஜ் திரும்பிப் பார்த்தான். அமுதவள்ளி கல்லைப் பிடித்தபடியே நின்றாள். முழுப் பேச்சும் அவள் போனில்தான் இருந்தது, ஜோதியின் பேரோடு. அதெல்லாம் கட்டுக்கதை என்று அமுதவள்ளியே சொன்ன குரல் மலையில் மேனேஜரின் போனில் இருந்தது.

ஜோதிக்கு ஒரு சாட்சி பாக்கி. தர வேண்டியவள் அமுதவள்ளி.